வள்ளங்கள் ரோட்டில் நின்ற நாள்

அந்தச் சுற்றுலாக் கையேட்டின் பின்னட்டையில் இருந்தது என் செல்போன் எண். அச்சகத்து முதலாளி தன் எண்ணைப் போட முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கண்டவனும் கூப்பிட்டு, ராஜா கொட்டாரம் திங்கக்கிழமை தொறந்திருக்குமான்னு கேப்பான். எனக்கு வேற சோலி இல்லியா?" என்றார். எனக்கு மட்டும் சோலி இல்லை என்று எப்படி முடிவு செய்தாரோ தெரியவில்லை. தக்கலையில் அவருடைய அச்சகத்தில் கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள் என்று வருகிற எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்து, பிழை திருத்தி, பக்கம் கட்டுகிறவள் நான் ஒருத்திதான்.

மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்பது அவர் யோசனை. எழுதுவது என் தலையில் விழுந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. அடுத்தவர்கள் எழுதியதில் ஒற்று போட்டுக் காலம் கழித்தவளுக்கு, தன் பெயரில் ஒரு புத்தகம் வருவது சும்மாவா? ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரோடு ஸ்கூட்டரில் ஏறி ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். எப்படிப் போவது, எப்போது போவது, என்ன பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று இடத்துக்கு ஒரு பக்கம் எழுதினேன்.

அநேகமாக ஒவ்வொரு பக்கத்தின் கீழும் எச்சரிக்கை என்று இரண்டு வரி போட்டிருந்தேன். அருவியில் எந்தப் பாறை வழுக்கும், எந்தக் குளத்தில் எத்தனையாவது படிக்குக் கீழே படிக்கட்டு உடைந்து கிடக்கிறது என்பது போல. முதலாளி ப்ரூஃபைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது என்னவாக்கும்? கல்யாணக் கார்டுல மாப்பிள்ளைக்கு சுகர் உண்டுன்னா போடுவோம்?" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் 'பொதுவான குறிப்புகள்' என்று ஒரு கட்டம் போட்டேன். குடிநீர் கொண்டு செல்லவும். குப்பை போடாதீர்கள். நீர்நிலைகளில் கவனமாக இருக்கவும். அதற்குக் கீழே அரைப் பக்கம் நகைக்கடை விளம்பரம்.

ஆனால் இதில் முதலாளியை மட்டும் குற்றம் சொன்னால் அது அநியாயம். நான் சொல்லப் போகிற கடற்கரைக்கு நான் எழுதிய எச்சரிக்கை எதையும் அவர் நீக்கவில்லை. நான் அங்கே எச்சரிக்கை என்று எதுவும் எழுதவே இல்லை.

அது மணவாளக்குறிச்சியைத் தாண்டி இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயரைச் சொல்லி ஒருமுறை ஆட்களை அனுப்பியது போதும். நாங்கள் போன அன்று வெயில் நன்றாக இருந்தது, காற்றே இல்லை. மீன்பிடி வள்ளங்கள் எல்லாம் மணலை விட்டு மேலே, ரோட்டோரமாகவும் மாதா கோயில் மதிலை ஒட்டியும் வரிசையாக நின்றன. நீலம், பச்சை, மஞ்சள், ஒவ்வொன்றிலும் ஒரு புனிதரின் பெயர். கரையில் ஒரு ஆள் கிடையாது. நமக்கென்று ஒழித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறதே என்று என் கணவரிடம் சொன்னேன். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து இப்படி எழுதினேன்: "வள்ளங்கள் சாலை வரை ஏற்றி வரிசையாக நிற்கும் நாளில் போனால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கூட்டமே இருக்காது. கடற்கரை முழுவதும் உங்களுக்கே."

அந்த மூன்று வாக்கியங்களில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நான்தான் நான்கு தடவை சரிபார்த்தேன்.

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும், போன் வந்தது. ஒரு பெண் குரல், முப்பது வயதுக்குள் இருக்கும். "அக்கா, வணக்கமுங்க. கரூர்ல இருந்து வந்திருக்கோமுங்க. உங்க புக்கைப் பார்த்துத்தான் வந்தோம்" என்றாள். கணவரும் நான்கு வயது மகளும் கூட இருந்தார்கள். பின்னால் அலைச் சத்தம், குழந்தை கூவுகிற சத்தம். "வள்ளமெல்லாம் ரோட்டு மேலயே நிக்குதுங்க்கா. நீங்க எழுதின மாதிரியே ஒருத்தரும் இல்லீங்க. நாங்க மூணு பேருதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எழுதிய ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் அத்தனை தூரம் வந்திருக்கிறது. "நல்ல நாளாப் பாத்து வந்திருக்கீங்க. அவசரப்படாண்டாம். நல்லா கால நனைச்சுகிட்டு, போட்டோ எல்லாம் எடுத்துகிட்டு மெதுவா கெளம்புங்க" என்றேன். எழுதியதையாவது அடுத்த பதிப்பில் அடித்துவிடலாம். வாயால் சொன்ன இதை என்ன செய்வது?

பதினொன்றரை மணிக்கு எங்களுக்கு மீன் கொண்டு வருகிற அக்கா அச்சக வாசலில் வந்து நின்றார். அதே கடற்கரை ஊர்தான் அவருக்கு. தினமும் அந்த நேரத்துக்குத் தலையில் மீன் சருவத்தோடு வருகிறவர் அன்று வெறுங்கையோடு, நல்ல சேலை கட்டி வந்திருந்தார்.

"மீன் இல்லியாக்கா?"

"எங்கத்த மீனு? கள்ளக்கடலாக்கும். விடியதுக்கு முன்னயே கோயில் மைக்குல சொல்லியாச்சி. ஒருத்தரும் எறங்கல்ல. வள்ளத்தெல்லாம் ரோட்டுல ஏத்திப் போட்டிருக்கு. வீட்டுல சும்மா இருக்கியதுக்கு, தாலுகா ஆபீசுல ஒரு பேப்பரு வாங்கலாம்னு வந்தேன்."

கள்ளக்கடல் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கிறேன். புயலோ மழையோ இல்லாமல், காற்றுகூட இல்லாத தெளிவான நாளில், எங்கோ தொலைவில் கிளம்பிய அலை திடீரென்று ஏறி வந்து கரையை வாரிக்கொண்டு போகும். ஆனால் அதற்கும் ரோட்டில் நிற்கிற வள்ளத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. அரை மணி நேர தூரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்குத் தெரியாது.

"வள்ளத்த ஏன்க்கா ரோட்டுல ஏத்தணும்?" என்று கேட்டேன்.

"ஏனா? கீழ கெடந்தா கடலு கொண்டு போவாதா? வள்ளம் மேல ஏறிச்சுன்னா அன்னைக்கு பச்சப்பிள்ள கூட தண்ணிக்கப் பக்கத்துல போவாது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "என்னட்டி, என்ன ஆச்சு ஒனக்கு?"

சொன்னேன். சொல்லிக்கொண்டே அந்தக் கரூர் எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்பவும் அழுத்தினேன். ஒரு ஊரைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறேன், அந்த ஊரில் அவசரத்துக்குக் கூப்பிட ஒரு ஆளின் எண்கூட என்னிடம் இல்லை. அக்காதான் தன் தம்பிக்குப் போன் போட்டார்.

"எலே, கரையில வெளியூர் ஆளு யாராவது நிக்காவளான்னு பாரு... என்னது?... எப்பம்?"

போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார். "ஒராள கடலு எடுத்துட்டாம் மக்கா" என்றார். பிறகு, "வண்டிய எடு" என்றார்.

என் ஸ்கூட்டியில் அவர் பின்னால் ஏறிக்கொண்டார். ஒராள் என்றால் எந்த ஆள்? அது கரூர்க்காரர்களாக இருக்கக் கூடாது, வேறு யாராவதாக இருக்கட்டும் என்று முதலில் வேண்டிக்கொண்டேன். அது நடக்காது என்று தெரிந்ததும், குழந்தையாக மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டினேன். அப்படி வேண்டியபோதே மற்ற இரண்டு பேரில் ஒருவரைக் கொடுக்க நான் சம்மதித்துவிட்டேன் என்பது திங்கள்சந்தையைத் தாண்டும்போதுதான் உறைத்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. "நேரா ஓட்டு. நீ விழுந்தா அங்க யாருக்கு லாவம்?" என்று அக்கா என் தோளைப் பிடித்தார்.

வள்ளங்கள் நான் எழுதியபடியே நின்றன. இந்தத் தடவை கயிறு கண்ணில் பட்டது. ஒவ்வொரு வள்ளத்தையும் கனத்த கயிறு போட்டுத் தென்னையில் கட்டியிருந்தார்கள். இஞ்சின்களைக் கழற்றிக் கோயில் வளாகத்துக்குள் கொண்டு போய் வைத்திருந்தார்கள். ரோட்டில் ஈர மணலும் பாசியும் கிடந்தன, கடல் அதுவரை வந்து போயிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு மேல் என்ன அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும்? படிக்கத் தெரியாதவள் நான்.

போனது கணவர். முட்டளவுத் தண்ணீரில், கரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவள் மணலில் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு அலை வந்தது, அவளையும் புரட்டியது. குழந்தையை இறுக்கிப் பிடித்து, கடல் சுவருக்குப் போட்டிருந்த கல் ஒன்றைக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் இறங்கியபோது அவர் நின்ற இடத்தில் யாரும் இல்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த ஊர் ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கடல் அவர்களைத் திருப்பித் திருப்பிக் கரையில் எறிந்தது. ஒருவருக்குத் தோள்மூட்டு விலகிவிட்டது.

அவள் நனைந்த சுடிதாரோடு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அக்கா என்னைக் காட்டி, "தக்கலையில இருந்து வந்திருக்காவ, புஸ்தகம் எழுதினவ" என்று சொன்னதும் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா அக்கா, வந்துட்டீங்களா" என்று அழுதாள். அந்த மாவட்டத்திலேயே அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று முழுவதும் என் கையை அவள் விடவில்லை. அதிகாரிகள் வந்து விவரம் எழுதிக்கொண்டார்கள். கடல் தணியாமல் யாரும் இறங்க முடியாது என்றார்கள். பிற்பகலில் அக்கா எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார், குழந்தைக்கு மாற்றுத் துணி போட்டுக் கஞ்சி கொடுத்தார். குழந்தை கஞ்சியைக் குடித்துவிட்டு, "அப்பா இன்னும் குளிச்சு முடிக்கலையா?" என்று கேட்டது. அந்த வீட்டில் அப்போது ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அக்கா கிண்ணத்தை வாங்கி இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினார்.

"அக்கா, நீங்க இந்த ஊரைப் பத்தியெல்லாம் தெரிஞ்சவங்க" என்றாள் அவள். "சொல்லுங்க, எங்கயாவது பாறையைப் பிடிச்சுட்டு இருப்பாருல்லங்க? கெடைச்சிருவாருல்ல?"

"கிட்டுவாரும்மா" என்றேன். எதை வைத்துச் சொன்னேன்? வழக்கம்போல எதுவும் தெரியாமல்தான்.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். ஓரங்கள் நனைந்து உப்பியிருந்தன. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறது, அவரை மயக்கமாக யாராவது அங்கே சேர்த்திருந்தால் எப்படிக் கேட்பது என்று பார்ப்பதற்காகப் பக்கங்களைப் பிரித்துப் பிரித்துத் தேடினாள். ஆஸ்பத்திரி இல்லை. கடலோரக் காவல் எண் இல்லை. நல்ல ஏத்தங்காய் சிப்ஸ் எங்கே கிடைக்கும் என்பது மூன்று இடத்தில் இருந்தது. அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடலாம் போலிருந்தது. அவள் அதை மடியில் வைத்து, ஈரப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது யாராவது ஊர் சுற்றும் புத்தகம் எழுதப் போகிறேன் என்றால் அவர்களைப் பிடித்து உட்கார வைத்துப் பேசிவிடுகிறேன். என்னைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிறார்கள், பரவாயில்லை. ஆபத்தைக் கடைசிப் பக்கத்தில் வைக்காதே, இடத்தின் பெயருக்கு அடுத்த வரியில் வை. 'கவனமாக' என்று எழுதாதே. முட்டளவுத் தண்ணீரில் நின்ற மனிதனைவிட வேறு எப்படிக் கவனமாக இருக்க முடியும்? என்ன பார்த்தால் திரும்பிப் போக வேண்டும் என்று எழுது. எந்த மாதம், எந்தப் பக்கம், யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுது. அழகாக இருக்கிறதே என்று நீ நிற்கிற இடத்தில், இது ஏன் இப்படி இருக்கிறது என்று அந்த ஊரில் மீன் விற்கிற ஒரு பெண்ணிடமாவது கேட்டுவிட்டு எழுது. கேட்க வெட்கமாக இருந்தால் எழுதாதே. ஊரைப் பயமுறுத்தி வியாபாரத்தைக் கெடுக்கிறேன் என்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் கடலைப் பற்றி ஒரு பயமும் இல்லாமலா வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருகிறார்கள்?

வடசேரி பஸ் ஸ்டாண்டில் இருந்த கடைகளுக்குப் போய் மிச்சப் பிரதிகளையெல்லாம் கேட்டு வாங்கினேன். ஒரு கடைக்காரர் கொடுக்க மனமில்லாமல், "நல்லா போவுதே, எதுக்குத் திருப்பிக் கேக்கிய?" என்றார். பிழை இருக்கிறது என்றேன். "அதெல்லாம் யாரு பாக்கியா?" என்றார். இது பின்னால் நடந்தது. அந்தச் சனிக்கிழமை எனக்கு எந்தப் புத்தியும் இல்லை. அவர் உயிரோடு வர வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பும் இல்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரவு நானும் அவளோடு அக்கா வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் ஞாயிறு. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். ஆனால் விடியும்போதே கடல் கொஞ்சம் தணிந்திருந்தது. காலைப் பூசை முடிந்து வெளியே வந்தவர்கள், போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டு, நேரே வள்ளங்களின் கயிற்றை அவிழ்க்கப் போனார்கள். முகம் தெரியாத ஒரு ஆளைத் தேட ஆறு வள்ளங்கள் இறங்கின.

அவள் கோயில் மதிலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியாரும் கணவரின் அண்ணனும் கரூரிலிருந்து இரவு பஸ்ஸில் கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். அடிபட்டிருக்கிறது என்று மட்டும்தான் அவர்களிடம் சொல்லியிருந்தாள். இதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"வள்ளத்த மேல ஏத்தியிருந்தா கடல் மோசம்னு அர்த்தமாம். கிட்டயே போகக் கூடாதாம். எனக்குத் தெரியாது. அதத்தான் நான் பாக்கச் சொல்லி எழுதிட்டேன். நேத்து போன்லயும் கால நனைங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவள் திரும்பவில்லை. துப்பினால் துப்பட்டும் என்று நின்றேன்.

"அவர் கேட்டாருங்க்கா" என்றாள்.

"என்ன?"

"காருல இருந்து எறங்கினதுமே கேட்டாரு. எல்லா வள்ளமும் மேல நிக்குது, ஒருத்தன்கூடக் கடலுக்குப் போகலையே, என்னமோ சரியில்ல, திரும்பிரலாம்னு சொன்னாரு. நான்தானுங்க புக்கைப் பிரிச்சுப் படிச்சுக் காட்டினேன். இன்னிக்கு வந்தாத்தான் அதிர்ஷ்டம்னு போட்டிருக்கு பாருங்கன்னு சொன்னேன். அப்புறந்தான் உங்களுக்குப் போன் பண்ணினேன். அவருக்குக் கேக்கறாப்புல ஸ்பீக்கர்ல போட்டேனுங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "அக்கா, இதை மட்டும் அத்தைகிட்டச் சொல்லிராதீங்க. உங்க கால்ல விழறேன். அவர் வேணாம்னு சொன்னாருன்னு தெரிஞ்சா, நான் அந்த வீட்டுல எப்படியக்கா இருப்பேன்? எம் பொண்ணு பெருசானா அவ மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

பத்தரை மணிக்கு மேற்கே போன வள்ளம் அவரைக் கொண்டு வந்தது. தார்ப்பாயில் கிடத்தி, யாரோ தன் வெள்ளை வேட்டியை அவிழ்த்துப் போர்த்தினார்கள். மீன்கார அக்கா முழங்காலிட்டு அவர் கண்களில் ஒட்டியிருந்த மணலைத் தன் முந்தானையால் துடைத்தார். நான் பார்க்க மாட்டேன் என்று நினைத்தேன், பார்த்தேன். என் கணவரைவிட இளையவர், மீசையை ஒழுங்காக வெட்டியிருந்தார்.

மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ வந்து நின்றபோது மணி பதினொன்று இருக்கும். அந்த அம்மாவுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கூட்டத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். கத்தவில்லை. மெதுவாக நடந்து வந்து மகன் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் தலைமுடியை விரலால் கோதிவிட்டார். ரொம்ப நேரம் கோதிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு" என்றார். குரலில் கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். "யாரு கண்ணு உங்களை இங்கெல்லாம் வரச் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் முன்னால் போய் அந்த அம்மாவின் எதிரே மணலில் உட்கார்ந்தேன்.

"நான்தாம்மா. அவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. நான்தான் வரச் சொன்னேன்."